பன்னிரண்டாவது தாள்

ஷிலின்பு
டிசம்பர் 3

லுவோ ஜின்ஹே அவர்களுக்கு,

'அவர்களுக்கு' என்று எழுதியதைப் பார்த்து நீ சிரிக்கக்கூடும். ஓவியக் கல்லூரி விடுதியில் ஆறு பேர் ஒரே அறையில் நான்கு வருடம் கிடந்தோம். வயது வரிசைப்படி எண் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டோம். நீ மூன்றாம் அக்கா, நான் கடைசி, ஆறாவது. அந்த உரிமையெல்லாம் போன வாரத்தோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்.

நான் படம் போடும் தளத்தில் என் கணக்கு வெடித்துவிட்டது, மொத்தமாக நீக்கிவிட்டார்கள். ஏழு வருடம், முந்நூற்றுச் சொச்சம் படங்கள், பின்தொடர்பவர்கள் நான்கு லட்சம் பேர். இப்போது திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை வருகிறது, கீழே 'விதிகளை மீறியதால்' என்று ஒரு வரி. வேறு பெயரில் மறுபிறவி எடுக்கலாம், எல்லோரும் எடுக்கிறார்கள். 'அட, நீங்களா! இது எத்தனாவது பிறவி?' என்று பழைய ஆட்கள் வந்து விசாரிப்பார்கள். ஆனால் முற்பிறவிச் சொத்து எதுவும் கூட வராது.

'எதிர் ஜன்னல்' தெரியும் உனக்கு. என் ஜன்னலில் உட்கார்ந்து எதிர்க் கட்டிடத்து ஜன்னல்களை வரைவேன். வாரத்துக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்குப் பன்னிரண்டு தாள், தாளுக்கு மூன்று விநாடி; ஒன்றன்பின் ஒன்றாக ஓடி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். கோசு நறுக்குவார்கள், குழந்தையை அடிப்பார்கள், தலை உலர்த்துவார்கள். அதைப் போய் யார் அழிப்பார்கள்?

குளிர்காலத்துக்கு வீடுகளில் வெப்பம் விடவேண்டிய நாள் நவம்பர் பதினைந்து; இந்த வருடம் அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் வெப்பக் குழாய் சூடாகவில்லை. பத்து நாள் அப்படியே ஐஸ்கட்டியாகக் கிடந்தது. எதிர்க் கட்டிடம் ஐந்தாவது மாடியில் ஹௌ தாத்தாவும் அவர் மனைவியும் ஜன்னலில் பஞ்சுப் போர்வையை மாட்டினார்கள். இருபதாம் தேதி அதை வரைந்து போட்டேன். சில ஆயிரம் பேர் பார்த்தார்கள், யாரோ ஒருவர் 'போர்வை எங்கே வாங்கினது?' என்று கேட்டார். இருபத்தைந்தாம் தேதி அவர்கள் இருவரும் செத்துப்போனார்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு. அதன் பிறகுதான் எவனோ என் படத்தைத் தோண்டி எடுத்தான். ஒரே நாளில் நாடே பார்த்தது. இருபத்தேழாம் தேதி அழித்தார்கள். நான் மாற்றி மாற்றி ஏற்றினேன், அவர்கள் அழித்தார்கள், கடைசியில் கணக்கே போனது.

அந்தத் தளத்துக்கு, எதை விடலாம் எதை அழிக்கலாம் என்று பார்க்கும் சரிபார்ப்பு வேலையை உன் நிறுவனம்தான் செய்கிறது. நீ செய்தாயா என்று நான் கேட்கவில்லை.

கேட்கிறேன்.

தோங் யுன்ஷூ

~

ஜினான்
டிசம்பர் 8

ஆறாவதுக்கு,

தபாலில் வந்ததால் உன் கடிதம் இரண்டு நாள் வரவேற்பறையில் கிடந்தது. இங்கே யாருக்கும் கையெழுத்தில் கடிதம் வருவதில்லை. காவலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான்தான் அழித்தேன். நவம்பர் 27, காலை பத்து நாற்பது.

என் குழுவில் ஒரு பெண் அதை என் மேசைக்கு அனுப்பினாள். "அக்கா, இதுல என்ன இருக்குன்னே புரியல. போர்வை மாட்டறாங்க, அவ்வளவுதான். விட்டுடலாமா?" என்றாள். உன் கோடு எனக்குத் தெரியாதா? மாலைக்குள் மேலே இருந்து பட்டியல் வரும் என்பதும் தெரியும். பட்டியலில் ஏறினால் படத்தோடு கணக்கும் போகும். அதற்கு முன் நான் அழித்தால் ஒரு படத்தோடு போகும். அதனால் அழுத்தினேன்.

நீ சும்மா இருந்திருந்தால் கணக்கு இருந்திருக்கும். நீ சும்மா இருப்பவளா? ஒன்பது முறை மாற்றி ஏற்றினாய். அதில் எட்டையும் நானே பிடித்து, 'லேசானது' என்று குறித்து அனுப்பினேன். ஒன்பதாவது என் கைக்கு வரவில்லை.

முந்நூறு படத்தையும் இழந்தாய் என்கிறாய். உன்னிடம் பிரதி இல்லையா? யார் குற்றம் அது? நாங்கள்கூட எதையும் தூக்கிப் போடுவதில்லை. அழித்த ஒவ்வொன்றும் மாதிரிக் கிடங்கில் எண் போட்டு இருக்கிறது. எதை அழித்தோம் என்று வைத்திருந்தால்தானே திரும்ப வரும்போது இயந்திரம் அடையாளம் காணும்? உன் போர்வையின் எண் 70416.

கோபம் இருந்தால் வைத்துக்கொள். எனக்கும் ஒன்று பத்து வருடமாக இருக்கிறது. இரண்டாம் வருடம் தேர்வுக்கு முன், அறை முழுக்க ஆள் இருக்கும்போது நீ சொன்னது: "ஜின்ஹே கிட்ட குடுங்கடி, ஜெராக்ஸ் எடுத்துத் தருவா. அவளுக்குன்னு ஒரு கை கிடையாது." எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் ஆசிரியரே அதை வகுப்பில் சொன்னார். நான் ஓவியத்தை விட்டதற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜின்ஹே

~

ஷிலின்பு
டிசம்பர் 13

மூன்றாம் அக்காவுக்கு,

பிரதி இருந்தது. நானே அழித்தேன். சிரி.

குடியிருப்புக் குழுவிலிருந்து ஒரு அம்மாள் வந்து, "நாளைக்கு ரெண்டு பேர் வராங்க, சும்மா ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார். டீ என்றால் போலீஸ் விசாரணை என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயந்துவிட்டேன். வரைபலகை, பழைய வன்தட்டு, இணைய மேகத்தில் வைத்திருந்தது எல்லாவற்றையும் ராத்திரியோடு துடைத்துவிட்டேன். படங்கள்தான் கணக்கில் பத்திரமாக இருக்கின்றனவே, நான்கு லட்சம் பேர் காவல் இருக்கிறார்களே என்ற தைரியம். அந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கணக்கு வெடித்தது. டீ நன்றாகத்தான் இருந்தது, மல்லிகை போட்டது.

ஜெராக்ஸ் என்று சொன்னேனா? எனக்கு ஞாபகம் இல்லை. நான் சொல்லியிருக்கக்கூடிய பேச்சுதான். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போது வேறொரு விஷயம்.

போன வாரம் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். ஹௌ மின்யான் என்று பெயர், தெற்கே ஒரு செருப்புத் தொழிற்சாலையில் இருக்கிறாள். செத்துப்போன அந்த இருவரின் மகள்.

"எதிர்ல இருந்துக்கிட்டு எங்க அப்பா அம்மாவைப் படம் போட்டது நீங்கதானா?" என்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"எங்க வீட்ல போட்டோ எடுக்கறது எப்பவும் அப்பாதான். அதனால அவரு எதுலயும் இருக்க மாட்டாரு. அவரை நான் எடுத்ததுல அம்மா இருக்க மாட்டாங்க, அடுப்படில இருப்பாங்க. ரெண்டு பேரும் சேந்து இருக்கறது உங்க படத்துல மட்டும்தான். போன்ல ஒரு தடவ பாத்தேன். வேலைக்குப் போயிட்டு இடைவேளைல திறந்தா காணோம்."

"ஊரெல்லாம் பகிர்ந்தாங்களேம்மா, யார்கிட்டயாவது இருக்கும்" என்றேன்.

"இருக்கு. எல்லாம் தலைகீழா இருக்கு. மூஞ்சில பூனை ஒட்டியிருக்கு."

அந்தப் பூனையை ஒட்டியதும் நான்தான். இயந்திரம் முகத்தை வைத்துத்தான் பிடிக்கிறது என்று எவனோ சொன்னான். அதனால் மாற்றி ஏற்றிய ஒன்பதிலும் முகத்தை மறைத்தேன். முகம் தெரிகிற முதல் படத்தை யாரும் சேமிக்கவில்லை. முதலில் அது சும்மா ஒரு போர்வை; பிறகு எல்லோரும் இணைப்பைத்தான் பகிர்ந்தார்கள், அழித்ததும் இணைப்பும் போனது.

திரும்ப வரைய உட்கார்ந்தேன். ஒரு வாரமாக வரைகிறேன். செத்துப்போனவர்களாகவே வருகிறார்கள். உயிரோடு இருந்தபோது எப்படிப் பார்த்தேன் என்பது போய்விட்டது.

அக்கா, 70416 உன்னிடம் இருக்கிறது. எனக்கு வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு வேண்டும்.

யுன்ஷூ

~

ஜினான்
டிசம்பர் 17

ஆறாவதுக்கு,

முடியாது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். வேலைக் கூடத்துக்குள் போகும் முன் கைபேசியை அலமாரியில் பூட்ட வேண்டும். பேனா, காகிதம் எதுவும் உள்ளே கூடாது. திரை முழுக்க என் பணியாளர் எண் மங்கலாக ஓடிக்கொண்டே இருக்கும், யார் படம் எடுத்தாலும் அது என் எண்ணோடுதான் வெளியே போகும். ஒவ்வொரு முறை மாதிரியைத் திறப்பதும் பதிவாகும். போன வருடம் ஒருவன் ஒரு நகைச்சுவைக் காணொளியை வெளியே கொண்டுபோனான், மனைவிக்குக் காட்ட. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது, மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. மாதிரி அறுபது நாள்தான் இருக்கும். அதன் பிறகு படத்தை எடுத்துவிட்டு அதன் கைரேகை போன்ற ஒரு நீண்ட எண்ணை மட்டும் வைத்துக்கொள்வார்கள். இயந்திரத்துக்கு அது போதும். உன்னுடையது ஜனவரி 26 வரை.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடு.

இதை எழுதி மூடிவிட்டுத் திரும்பப் பிரித்தேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் புதிதாக வந்தவர்களுக்கு நான் வகுப்பு எடுக்கிறேன். மாதிரிகளைப் பெரிய திரையில் காட்டி, எது ஏன் தவறு என்று விளக்க வேண்டும். எதைக் காட்டுவது என்பது என் இஷ்டம், அதை யாரும் கேட்பதில்லை. ஒரு மாதிரிக்கு இரண்டு நிமிடம்.

பன்னிரண்டு தாள். நாளை மறுநாள் தொடங்கி ஜனவரி 26 வரை எண்ணினால் பன்னிரண்டு வகுப்பு இருக்கிறது.

நான் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஜின்ஹே

~

ஜினான்
டிசம்பர் 20

இத்துடன் முதல் தாள். ஜன்னல் காலி, உள்ளே விளக்கு எரிகிறது, மேசையில் இரண்டு வெந்நீர்க் குடுவை. வகுப்பில் அதை நிறுத்தி வைத்து, "ஒரே மேசையில் இரண்டு வெந்நீர்க் குடுவை இருப்பதைக் கவனியுங்கள், இது வெப்பம் பற்றிய புகார்" என்று இரண்டு நிமிடம் பேசினேன். பேச்சு வாயில், கண் திரையில். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமல் வரைந்தேன். பத்து வருடம் ஆயிற்று, பென்சில் வீட்டில் இல்லை, கீழே கடையில் பள்ளிப் பிள்ளைகளுடையதை வாங்கினேன்.

இடது குடுவையின் மூடி கோணலா நேரா என்பது சந்தேகம். கோணலாகப் போட்டிருக்கிறேன்.

ஜி.

~

ஷிலின்பு
டிசம்பர் 27

மூன்றாம் அக்கா,

கோணல்தான்! அந்த மூடி கோணலாகத்தான் இருந்தது. நானே மறந்துவிட்டேன், உன் தாளைப் பார்த்ததும்தான் கிழவர் அதைத் திருகத் தெரியாமல் திருகியது கண்ணில் வந்தது. இரண்டாவதும் வந்தது. அவர் நாற்காலியில் ஏறுகிறார், அந்தம்மா நாற்காலியைப் பிடிக்காமல் அவர் கால்சட்டையைப் பிடிக்கிறார். இதை நான்தான் வரைந்தேன் என்று ஒரு நிமிடம் நம்பமுடியவில்லை. நன்றாக வரைந்திருக்கிறேன்.

மின்யானிடம் சொன்னேன். "முகம் தெரியுதா?" என்று மட்டும் கேட்டாள். மூன்றாவதில் தெரியும் என்றேன். சரிதானே?

இங்கே குழாய் இப்போது கொதிக்கிறது. அவர்கள் இறந்த மறுநாளிலிருந்து. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பனியன் போட்டு உட்கார்ந்திருக்கிறோம், அந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல. எதிர் ஐந்தாவது மாடியில் விளக்கு இல்லை. நான் எதையும் வரையவில்லை.

பணம் வருகிற வேலையாக ஒரு பால் நிறுவனத்துக்கு மாடு வரைகிறேன். மாடு சிரிக்க வேண்டுமாம். திருத்தம் மேல் திருத்தம், இன்னும் கொஞ்சம் சிரிக்க வேண்டுமாம்.

யுன்ஷூ

~

ஜினான்
ஜனவரி 7

ஆறாவதுக்கு,

ஐந்தும் ஆறும் இத்துடன். ஆறில் அவர் வாயில் துணி மாட்டும் கவ்விகள் மூன்று, அந்தம்மா கையில் இரண்டு.

புதியவர்கள் பதினான்கு பேர். பெரும்பாலும் கல்லூரி முடித்த கையோடு வந்தவர்கள், தூங்குகிறார்கள். ஃபெங் என்று ஒருத்தி இருக்கிறாள், என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகள், முன்பு காப்பீடு விற்றவள். நான் கூடாது என்று சொல்லியும் என்னை டீச்சர் என்கிறாள். நேற்று முன்தினம் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், எல்லா வகுப்புலயும் இந்தப் போர்வையையே காட்டறீங்களே. இது அவ்ளோ பெரிய தப்பா?"

"இது பார்க்கச் சாதாரணமா இருக்கும். அதனாலதான் திரும்பத் திரும்பக் காட்டறேன்" என்றேன்.

"அப்ப நல்லா மனசுல பதிய வெச்சுக்கறேன்" என்றாள். பயிற்சி நேரத்திலும் அதையே போட்டுப் பார்க்கிறாள். மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. நாங்கள் எதையும் கடைசிவரை பார்ப்பதில்லை, தவறு எங்கே தொடங்குகிறதோ அங்கே நிறுத்திவிடுவோம். ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு ஆயிரத்து நானூறு வருகிறது, கடைசிவரை பார்த்தால் எப்போது வீட்டுக்குப் போவது?

நானும் முன்னால் தள்ளிப் பார்ப்பதில்லை. அடுத்த தாளைப் பார்த்தால் இந்தத் தாள் கலங்கிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று. பிரதி எடுப்பவர்களின் பழக்கம்.

ஒரு வேண்டுகோள். இதைக் காகிதத்தோடு நிறுத்து. இணையத்தில் போடாதே.

ஜின்ஹே

~

ஷிலின்பு
ஜனவரி 16

அக்கா,

எட்டு வந்தது. சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கிறேன். பால்காரர்களின் மாடு கீழே கிடக்கிறது.

பிறகு எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அந்த ஜெராக்ஸ். ஞாபகம் இல்லை என்றது பொய். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்தத் தேர்வுக்குப் பயிற்சியாக ஒரு பிளாஸ்டர் தலையை வரையச் சொன்னார்கள், நீ வரைந்தது அசலைப் போலவே இருந்தது, நான் வரைந்தது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கத்தான் அப்படிப் பேசினேன். என் கோணலுக்கு 'சொந்தக் கை' என்று பெயர் வைத்துக்கொண்டேன், அதை வைத்தே பத்து வருடம் பிழைத்தேன். தப்புதான். மன்னித்துவிடு என்று தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை, காகிதத்தில் வருகிறது.

நீ அழித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்வோம்.

யுன்ஷூ

~

ஜினான்
ஜனவரி 26

ஆறாவதுக்கு,

பதினொன்றாவது தாள் செவ்வாயன்று அனுப்பியது, வந்திருக்கும். போர்வை முழு ஜன்னலையும் மூடிவிட்டது, ஓரத்தில் மட்டும் விளக்கு வெளிச்சம் ஒரு கோடு. அதன் பிறகு திரை இருட்டு. அங்கே நிறுத்தினேன். பன்னிரண்டாவதை இன்றைக்கு வைத்திருந்தேன்.

இன்று காலை வகுப்பில் 70416 என்று அடித்தேன். வெள்ளைச் சதுரம் வந்தது, நடுவில் நீண்ட எண். அறுபது நாள் என்பதை நான் மறுநாளிலிருந்து எண்ணியிருந்தேன். கிடங்கு முதல் நாளையும் சேர்த்து எண்ணுகிறது. ஐந்து வருடமாக அங்கே வேலை செய்கிறேன், இது தெரியாது. ஒரு மாதிரி எப்போது போகிறது என்று எனக்கு இதுவரை கவலை இருந்ததில்லை.

பதினான்கு பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்படித்தான் இருக்கும், அறுபது நாளுக்குப் பிறகு" என்று சொல்லிவிட்டு அடுத்த மாதிரிக்குப் போனேன்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, முன்னால் தள்ளிப் பார்த்திருக்கலாம். அதைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ வரைந்ததுதானே. கடைசித் தாளில் என்ன இருந்தது?

ஜின்ஹே

~

ஷிலின்பு
பிப்ரவரி 2

அக்கா,

தெரியவில்லை.

சத்தியமாகத் தெரியவில்லை. அன்று ஒன்பது முறை மாற்றி ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு போட்டேன். அவர்கள் செத்த கோபத்தில் போட்டவை. ஒன்றில் விளக்கு அணையும், ஒன்றில் ஜன்னலே இருக்காது, ஒன்றில் மெழுகுவத்தி. ஒன்பது முடிவு போட்டவளுக்கு முதல் முடிவு நினைவில்லை. ஏதோ ஒன்று இருந்தது, சின்னதாக, இருட்டு கொஞ்ச நேரம் நின்ற பிறகு வரும். நான் அப்போது அவர்களைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல் வரைந்தது. அதைக் கற்பனை செய்து போட எனக்கு மனசு இல்லை. நான் போட்டால் அது பத்தாவது முடிவாகத்தான் இருக்கும்.

அதனால் பதினொன்றையும் அட்டையில் ஒட்டி, ஓரத்தில் தைத்து, கட்டை விரலால் வேகமாகப் புரட்டினால் ஓடுகிற மாதிரி ஒரு சின்னப் புத்தகமாக்கி மின்யானுக்கு அனுப்பினேன். காகிதம்தான், இணையம் இல்லை, உன் பேச்சை மீறவில்லை.

நேற்று அழைத்தாள். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது.

"எங்கப்பா கவ்வியை வாயில வெக்கறாரு, பாத்தீங்களா?" என்றாள். "அம்மா அதுக்குத் திட்டுவாங்க. முழுங்கிடுவீங்கன்னு."

"ம்" என்றேன்.

"ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. கடைசில மூடிடுது இல்லையா. மூடினதும் அப்படியே நின்னுடுது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னுதான் தெரியுமே எனக்கு. ஒரு தடவைதான் புரட்டினேன். ரெண்டாவது தடவ கை வரல."

நம் இருவருக்கும் நாற்பது நாள் வேலை, அந்தப் பெண்ணின் பெற்றோரை அவள் கையாலேயே மறுபடி மூட வைத்துவிட்டோம்.

வசந்தப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகவில்லை. உறைந்த பேரிக்காய் ஒரு பை இருக்கிறது, தின்றுகொண்டு இருப்பேன்.

யுன்ஷூ

~

ஜினான்
பிப்ரவரி 18

யுன்ஷூவுக்கு,

இந்தக் கடிதத்தை நிதானமாகப் படி. உள்ளே மடித்த தாளைக் கடைசியில் திற.

பிப்ரவரி எட்டாம் தேதி, விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பு, ஃபெங் தன் இடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "டீச்சர், டீச்சர், ஓடி வாங்க! பிடிச்சுட்டேன்!"

அவள் திரையில் ஒரு கட்டை விரல் உன் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. மின்யான் அந்த ஒரே தடவை புரட்டியபோது கைபேசியில் எடுத்திருக்க வேண்டும், அதைப் போட்டிருக்கிறாள். சித்தப்பா, மாமா எல்லோரும் புத்தாண்டுக்குப் பார்க்கட்டும் என்று கீழே எழுதியிருந்தாள். பென்சில் கோடு, வேறு காகிதம், நடுவில் விரல்; இயந்திரத்துக்கு எதுவும் தெரியவில்லை. 'சந்தேகம் இல்லை' என்று குறித்து, வழக்கம்போல ஓர் ஆளின் பார்வைக்கு அனுப்பிவிட்டது. அந்த ஆள் ஃபெங். ஐந்து வாரம் வாரத்துக்கு இரண்டு முறை அந்தப் போர்வையை நான் யாருக்குக் காட்டினேனோ, அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. சரிபார்ப்பவர்களில் அந்தப் போர்வையைப் பார்த்ததும் அடையாளம் சொல்லக்கூடியவர்கள் பதினான்கு பேர்தான் இருந்தார்கள். அத்தனை பேரையும் தயார் செய்தது நான்.

நான்கு விநாடியில் அழித்திருந்தாள். மின்யானின் கணக்கு பதினைந்து நாள் முடக்கம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நான் பார்த்துக்கொண்டேன். அட்டைகள் அவள் கையில்தான் இருக்கின்றன.

குறிப்பு எழுதும் இடத்தில் ஃபெங் எழுதியிருந்தாள்: 'அசலின் நகல். ஆனால் வரைந்தவர் வேறு. கை வேறு.'

"எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"அசல்ல கோடு துள்ளும் டீச்சர். இதுல பாருங்க, ஒவ்வொரு கோடும் பயந்து பயந்து வருது. ஆனா ரொம்பப் பாசமா வரைஞ்சிருக்காங்க. யாரோ தெரிஞ்சவங்க."

நான் கீழே குழுத் தலைவியாகக் கையெழுத்துப் போட்டேன். இப்போது என் பதினொரு தாளும் கிடங்கில் இருக்கின்றன, புதிய எண்ணோடு, அறுபது நாளுக்கு. என் படம் எங்கேயாவது வைக்கப்பட்டிருப்பது இதுதான் முதல் முறை.

போகத் திரும்பினேன். அவள் சொன்னாள்:

"ஆனா முழுசா இல்லை டீச்சர். கடைசிய விட்டுட்டாங்க."

"என்ன கடைசி?"

"அசல்ல இருட்டாகி ரொம்ப நேரம் நிக்குமே. எல்லாரும் அங்கயே மூடிடுவாங்க. நான் ஒரு நாள் பயிற்சில அப்படியே விட்டுட்டுத் தண்ணி குடிச்சிட்டிருந்தேன். அப்புறம் வருது. போர்வையோட கீழ் ஓரம் லேசாத் தூக்கும். அந்தம்மாதான். மூஞ்சி தெரியாது, ரெண்டு விரல் மட்டும் தெரியும். பனி நின்னுச்சான்னு பாக்கற மாதிரி. எங்கம்மாவும் அப்படித்தான், மூடின கையோட திறந்து பாப்பாங்க. உடனே மறுபடியும் முதல்லேர்ந்து ஓடும்."

அவள் குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. யார் கை என்று கேட்கவும் இல்லை. நன்றாகப் பிடித்ததற்கு நிறுவனம் ஒரு பெட்டி ஆரஞ்சு கொடுத்தது. அதில் இரண்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

நான் வேலையை விடவில்லை. விட்டேன் என்று எழுதினால் நீ மகிழ்வாய், ஆனால் விடவில்லை. விடுமுறை முழுக்க மேசையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து, "ஒரு விரலை வரைய ஒரு வாரமாடி?" என்று கேட்டுவிட்டுப் போனார். இரண்டு விரல் என்றேன்.

நாற்பதுக்கு மேல் தாள் கிழித்தேன். எனக்குப் பார்த்து வரையத்தான் தெரியும். இதற்கு அசல் எங்கேயும் இல்லை. உனக்கு நினைவில்லை, கிடங்கில் வெறும் எண், வரைந்த நீயும் வரையமாட்டேன் என்கிறாய். இருப்பது ஃபெங் சொன்ன நான்கு வாக்கியம். அதை வைத்துக்கொண்டு அந்த அம்மாளின் விரல் எப்படி இருக்கும், போர்வை எவ்வளவு கனம், பனி நின்றதா என்று பார்க்க ஒரு மனுஷி எவ்வளவு தூக்குவாள் என்று நானாகவே யோசிக்க வேண்டியிருந்தது. பயமாக இருந்தது, யுன்ஷூ. இதை நீங்கள் எல்லோரும் தினமும் செய்தீர்களா?

இந்தத் தாளைப் பதினொன்றாவதின் பின்னால் ஒட்டி மின்யானுக்கு அனுப்பு. புரட்டி முடித்ததும் முதல் அட்டைக்கே போகலாம் என்று சொல்.

விரல்கள் சரியாக வரவில்லை என்று தோன்றினால் திருத்தாதே. அது என் கை.

உன் மூன்றாம் அக்கா,
ஜின்ஹே